சென்மப் பாவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்க ஆரம்பித்து பதினோரு வருஷம் ஆகிறது. செபம், பத்துக் கட்டளை எல்லாம் சுமுகமாகப் போகும். சென்மப் பாவம் என்ற பாடம் வந்ததும் பின் பெஞ்சில் ஒரு கை எழும்பும். வருஷா வருஷம் கை வேறு, கேள்வி மட்டும் அதேதான். பிள்ளைகள் மட்டுமில்லை, திருமுழுக்கு (ஞானஸ்நானம்) வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர், சைவரான அலுவலக நண்பர், மதுரையிலிருந்து வரும் என் அத்தை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். நான் கத்தோலிக்கன், குருவானவர் இல்லை, இறையியல் பட்டமும் கிடையாது. திருச்சபை சொல்வது எது, என் அபிப்பிராயம் எது என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

சென்மப் பாவம்னா போன ஜென்மத்துல செஞ்ச பாவமா சார்?

இல்லை. ஆனால் கேட்டவன் மேல் தப்பில்லை, வார்த்தை அப்படி. லத்தீனில் 'பெக்காத்தும் ஒரிஜினாலே', அதாவது மூலத்தோடு வருகிற பாவம். நம் பழைய ஞானோபதேச வழக்கில் அதைச் சென்மப் பாவம் என்றும், நாமாகச் செய்வதைக் கர்மப் பாவம் என்றும் பிரித்தார்கள். சென்மம், கர்மம் இரண்டும் ஏற்கெனவே வேறு வீட்டில் குடியிருந்த வார்த்தைகள். நம் வீட்டுக்கு வந்தபோது பழைய சாமான்களையும் தூக்கிக்கொண்டே வந்துவிட்டன. இப்போது கத்தோலிக்கப் புத்தகங்களில் 'பிறப்புநிலைப் பாவம்' என்று எழுதுகிறார்கள். அந்த 'நிலை' ரொம்ப முக்கியம்.

கிறிஸ்தவத்தில் முற்பிறவி கிடையாது. இந்தப் போதனை சொல்வது இதுதான்: மனிதன் பிறக்கும்போதே கடவுளோடு இருந்திருக்க வேண்டிய உறவு அறுந்த நிலையில், தன்னையே சுற்றிச் சுற்றி வரும் மனத்தோடு பிறக்கிறான். அவனவன் செய்த காரியத்தால் வந்ததல்ல அது, மனித குலத்தின் தொடக்கத்திலேயே நேர்ந்த ஒரு முறிவால் வந்தது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறது: இதைப் 'பாவம்' என்று அழைப்பது ஒப்புமையாகத்தான்; இது செய்த பாவம் இல்லை, ஒட்டிக்கொண்ட பாவம்; செயல் இல்லை, நிலை. பாதிக் கேள்விகளுக்கு இந்த ஒரு வரியே பதில். மீதிப் பாதிக்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு ஆப்பிள் தின்னதுக்கு இவ்ளோ பெரிய தண்டனையா?

முதலில், ஆப்பிள் கிடையாது. முதல் மனிதரான ஆதாமும் ஏவாளும் கடவுள் விலக்கிய மரத்திலிருந்து தின்ற கதை பைபிளில் ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தில் வருகிறது, அங்கே 'கனி' என்று மட்டும்தான் இருக்கிறது. லத்தீனில் 'மாலும்' என்று எழுதினால் ஆப்பிள் என்றும் படிக்கலாம், தீமை என்றும் படிக்கலாம். ஐரோப்பிய ஓவியங்களில் அது ஆப்பிளாகிப் போனதற்கு அந்தச் சிலேடையும் ஒரு காரணம் என்பார்கள். அந்தக் கதையில் இன்ன இனம் என்று சொல்லப்படுகிற ஒரே மரம் அத்தி. அதன் இலையைத்தான் தைத்து உடுத்திக்கொண்டார்கள். 'பாவம்' என்ற சொல்லே அந்த அதிகாரத்தில் இல்லை. அடுத்த அதிகாரத்தில், காயின் தன் தம்பியைக் கொல்வதற்குச் சற்று முன்புதான் அது முதல் தடவையாக வருகிறது.

தின்றது பெரிய விஷயமில்லை. பாம்பு காட்டிய ஆசை என்ன? நன்மை தீமை அறிந்து கடவுளைப் போல ஆகிவிடலாம் என்பது. எது நல்லது எது கெட்டது என்பதை இனி நானே வைத்துக்கொள்கிறேன் என்கிற நினைப்பு. அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது பிடிபட்ட பிறகு நடப்பது. ஆதாம் ஏவாளைக் கை காட்டுகிறான், ஏவாள் பாம்பைக் கை காட்டுகிறாள். ஆதாம் சும்மா 'அவள்' என்று சொல்லவில்லை, 'நீர் எனக்குத் தந்த அந்தப் பெண்' என்கிறான். பழியில் கடவுளுக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டான். வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்த அன்று நான் கேட்ட பதில்களும் இதே வரிசையில்தான் வந்தன.

உண்மையில அந்தப் பாவம் வேற விஷயம்தானே? பெரியவங்க நாசூக்கா கனின்னு சொல்றாங்க.

உடலுறவைச் சொல்கிறார்கள் என்றால், இல்லை. 'பலுகிப் பெருகுங்கள்' என்ற ஆசீர்வாதம் முதல் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது, விழுகை, அதாவது அந்த முதல் பாவம், நடப்பது மூன்றாவதில். இந்த வதந்திக்கு மூலம் வேறு. இந்த நிலை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்று விளக்கும்போது பழங்காலத் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீன் உடல் இச்சையை அதில் இழுத்துவிட்டார். திருமணம் நல்லது என்றும் அவர்தான் எழுதினார், ஏதேன் தோட்டத்திலும் பிள்ளைப்பேறு இருந்திருக்கும், ஆனால் கட்டுக்கடங்காத இச்சை இருந்திருக்காது என்றும் சொன்னார். கேட்டவர்கள் மனதில் இந்த நுணுக்கமெல்லாம் நிற்கவில்லை, இச்சை மட்டும் நின்றுவிட்டது.

பைபிள்ல 'சென்மப் பாவம்'னு எங்க இருக்கு? வசனம் காட்டுங்க.

அந்த வார்த்தை பைபிளில் இல்லை. அஸ்திவாரமாகக் காட்டுவது பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம், 5-ஆம் அதிகாரம் 12-ஆம் வசனம். ஒரே மனிதனால் பாவம் உலகத்துக்குள் வந்தது, பாவத்தால் மரணம் வந்தது, இப்படி எல்லாருக்கும் மரணம் பரவியது. அடுத்து வரும் சின்னத் துண்டில்தான் வம்பு. கிரேக்கத்தில் 'எஃப் ஹோ' என்று இரண்டு சொல். 'எல்லாரும் பாவம் செய்தபடியால்' என்று எடுப்பதே இயல்பு, நம் பழைய தமிழ் வேதாகமமும் 'பாவஞ்செய்தபடியால்' என்றுதான் போடுகிறது. லத்தீன் மொழிபெயர்ப்பில் அது 'இன் குவோ' ஆனது. அதை 'அவனுக்குள்ளே எல்லாரும் பாவம் செய்தார்கள்' என்று படிக்கலாம். ஆதாமுக்குள்ளே நாம் எல்லாரும் இருந்தோம், அவன் செய்தபோது நாமும் செய்தோம் என்று அகுஸ்தீன் அப்படித்தான் படித்தார்.

ஒரு இடைச்சொல்லைத் தப்பாகப் படித்ததால் வந்த வினைதானா எல்லாம் என்று சிலர் நக்கலாகக் கேட்பார்கள். அது அவசரம். 'செய்தபடியால்' என்றே படித்தாலும், ஏன் விதிவிலக்கே இல்லாமல் எல்லாரும் செய்கிறார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதே நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில் விரும்புகிற நன்மையை விட்டுவிட்டு விரும்பாத தீமையைச் செய்கிறேன் என்று பவுல் புலம்புவதைப் படித்துவிட்டு, இது யாரோ கிரேக்கம் தெரியாத ஆள் கட்டிய கதை என்று சொல்லிவிட முடியாது.

அப்ப இதெல்லாம் அகுஸ்தீன் கிளப்பிவிட்டதா?

பெயர் வைத்தவர் அவர்தான் என்று சொல்லலாம், 396 வாக்கில். 354-இல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர், பிறகு ஹிப்போவின் ஆயர், 430-இல் இறந்தார். இளவயதில் ஒன்பது வருஷம் மானிகேயர்களோடு இருந்தார். அவர்கள் கணக்கில் தீமை என்பது நல்ல கடவுளுக்கு எதிரான ஒரு தனிச் சக்தி. அதிலிருந்து வெளியேறியவருக்கு 'நான் செய்யவில்லை, எனக்குள்ளே இருக்கிற இருட்டு செய்தது' என்று சொல்லும் வழி அடைபட்டுப்போனது. அப்படியானால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

பதினாறு வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து பேரிக்காய் திருடிய கதையைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். பழம் பார்க்கவும் நன்றாக இல்லை, ருசியும் இல்லை, அவரிடமே அதைவிட நல்ல பழம் இருந்தது. பறித்ததில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்குப் போட்டார்கள். பசியால் திருடினால் காரணம் உண்டு. தப்பாக இருக்கிறது என்பதற்காகவே ஒன்றைச் செய்வது எங்கிருந்து வருகிறது? கொலை, விபசாரம் எதையும் எடுக்காமல் ஒரு பேரிக்காயைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக நோண்டுகிறாரே என்று எனக்கும் முதலில் எரிச்சல்தான் வந்தது. மாமா வீட்டு மாங்காய் ஞாபகம் வந்ததும் அடங்கிவிட்டேன்.

எதிர்க்கட்சி யாருமே இல்லையா?

இருந்தார்கள், பலமாகவே. பெலாஜியுஸ், பிரிட்டனிலிருந்து வந்து ரோமில் வாழ்ந்த துறவி. ஒழுக்கமான ஆள், அவருடைய எதிரிகளே ஒப்புக்கொண்டது. 'நீர் கட்டளையிடுவதை எனக்குத் தாரும், பிறகு விரும்பியதைக் கட்டளையிடும்' என்று அகுஸ்தீன் எழுதிய செபத்தைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்தது. கடவுள் கொடுத்தால்தான் செய்வேன் என்றால் நான் எதற்கு? கடவுள் ஒன்றைச் செய்யச் சொன்னால் அது செய்யக்கூடியதாகத்தான் இருக்கும், ஆதாம் நமக்குக் கெட்ட முன்மாதிரி மட்டுமே, ஒவ்வொரு பிறவியும் ஆதாம் தொடங்கிய அதே இடத்தில்தான் தொடங்குகிறது என்பது அந்தப் பக்கத்து வாதம். 415-இல் பாலஸ்தீனத்தில் நடந்த விசாரணையில் அவரைக் குற்றமற்றவர் என்று விட்டார்கள். 418-இல் கார்த்தேஜில் ஆயர்கள் கூடிய சங்கம் அவருடைய போதனையைக் கண்டித்தது.

நேர்மையாகச் சொன்னால் கேட்கிற காதுக்குப் பெலாஜியுஸ்தான் நியாயமாகப் படுவார். வகுப்பில் கை தூக்கச் சொன்னால் முக்கால்வாசி அவர் பக்கம்தான். ஆனால் அவருடைய உலகத்தில் விழுந்தவனுக்கு இடம் கம்மி. உன்னால் முடியும், முடிந்தும் செய்யவில்லை என்றால் அது முழுக்க முழுக்க உன் குற்றம். குடியை விட முடியாமல் பத்தாவது தடவை வந்து அழுகிறவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அகுஸ்தீன் இருட்டாகப் பேசுவார், ஆனாலும் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார்.

பிறந்த குழந்தை என்ன பாவம் செஞ்சுது? ஞானஸ்நானம் இல்லாம செத்துப்போனா நரகமா?

அத்தை கேட்டது. அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை இங்கே எழுதப்போவதில்லை.

குழந்தை எந்தப் பாவமும் செய்யவில்லை. முதல் கேள்வியின் பதிலில் செயலுக்கும் நிலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னது இதற்காகத்தான். இரண்டாவது பாதிதான் திருச்சபையை ஆயிரத்து ஐந்நூறு வருஷம் வாட்டிய கேள்வி. அகுஸ்தீன் தன் வாதத்தை விட்டுக்கொடுக்காமல் கடைசிவரை போனார்: அவர்களுக்கும் தண்டனை உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் மிக லேசானது. இடைக்கால இறையியலாளர்களுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. 'லிம்போ' என்று ஓர் ஓரத்து இடத்தை யோசித்தார்கள், அங்கே கடவுளை நேரில் காணும் பேறு இல்லை, வேதனையும் இல்லை. இதன் நிழல் கல்லறை வரை விழுந்தது. அயர்லாந்தில் திருமுழுக்குப் பெறாத சிசுக்களை மந்திரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்துக்குள் விடாமல் ஒதுக்குப்புறத்தில் புதைத்த இடங்கள் இன்றும் இருக்கின்றன.

லிம்போ ஒருநாளும் விசுவாசச் சத்தியமாக அறிவிக்கப்பட்டதில்லை. 2007-இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையம், பாப்பரசர் 16-ஆம் பெனடிக்டின் ஒப்புதலோடு வெளியிட்ட ஆவணத்தில், இந்தக் குழந்தைகள் மீட்கப்படுவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் இருக்கின்றன என்று சொன்னது. நிச்சயம் என்று சொல்லவில்லை, நம்பிக்கை என்று சொன்னது. அத்தையிடம் நான் இவ்வளவெல்லாம் பேசவில்லை, கடவுள் உங்களைவிடக் கல்நெஞ்சக்காரர் இல்லை அத்தை என்று மட்டும் சொன்னேன்.

தாத்தா வாங்குன கடனுக்குப் பேரனை ஜப்தி பண்ற மாதிரி இல்லையா?

இதுதான் அசல் கேள்வி. மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவது. பைபிளில் எசேக்கியேல் நூலின் 18-ஆம் அதிகாரமே மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று சொல்கிறதே? யாரோ செய்த குற்றத்துக்கு நான் எப்படிக் குற்றவாளி ஆவேன்?

பதில்கள் பல தினுசு. அகுஸ்தீனின் பதிலை மேலே சொன்னேன்: யாரோ இல்லை, நீயும் அவனுக்குள் இருந்தாய். 11-ஆம் நூற்றாண்டிலிருந்து 12-க்குள் வந்த இறையியலாளர் அன்செல்ம் இதைக் குறையாகப் பார்த்தார், இருந்திருக்க வேண்டிய ஆதி நீதி இல்லாமல் போனது. சொத்தைத் தொலைத்த தகப்பனின் பிள்ளை ஏழையாகப் பிறக்கிறான், அவனுக்குத் தனியாகத் தண்டனை எதுவும் வேண்டியதில்லை. இடைக்காலத்தின் பெரிய இறையியலாளர் தோமா அக்குவினார் உடம்பை உதாரணம் காட்டுகிறார். கொலை செய்த கையைத் தனியாகக் குற்றவாளி என்பதில்லை, ஒரு மனிதனின் கை என்பதால்தான் அதில் குற்றம் ஏறுகிறது. அப்படியே மனித குலம் முழுவதும் ஒரு உடம்பு, ஆதாம் அதன் தலை. பிற்காலத்துச் சீர்திருத்தச் சபையினர் இதைச் சட்ட மொழிக்குக் கொண்டுபோனார்கள்: ஆதாம் நம் பிரதிநிதி, அவன் போட்ட கையெழுத்து நம்மையும் கட்டும்.

எல்லாரையும் மிஞ்சியவர் அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ். அவர் இறந்த 1758-ஆம் வருஷமே வெளிவந்த நூலில் ஒரு விசித்திரமான வாதம் இருக்கிறது. நேற்றைய நீயும் இன்றைய நீயும் ஒரே ஆள் என்று எதை வைத்துச் சொல்கிறாய்? கடவுள் ஒவ்வொரு கணமும் உன்னைப் புதிதாகத் தாங்கி, அவரே ஒன்றாகக் கணக்கு வைப்பதால்தான். நூறு வயது மரமும் அதன் முளையும் ஒன்று என்று ஆவதும் அப்படித்தான். அந்தக் கணக்கில் ஆதாமையும் அவன் சந்ததியையும் ஒன்றாக வைப்பதற்கு என்ன தடை? பதில் சொல்ல முடியாத புத்திசாலித்தனம், ஆனால் படித்து முடித்ததும் ஏதோ சீட்டு வித்தை பார்த்த மாதிரி இருக்கும்.

என் அபிப்பிராயம்: நிலை வாரிசாக வருகிறது என்பதை என்னால் முழு மனதோடு ஏற்க முடிகிறது, ஏனென்றால் அது கண்ணால் பார்க்கிற விஷயம். குற்றமே வாரிசாக வருகிறது என்பதுதான் இந்தக் கட்டிடத்தில் விரிசல் விட்ட சுவர். மறைக்கல்வி நூலின் அந்த 'ஒப்புமையாக' என்ற சொல் அந்தச் சுவருக்குக் கொடுத்த முட்டு என்றுதான் எனக்குப் படுகிறது. நல்ல முட்டுதான்.

கிழக்கத்திய சபைக்காரங்க இதை ஏத்துக்கறதில்லைன்னு சொன்னாங்களே?

மேலே சொன்ன விரிசல் அவர்கள் வீட்டில் இல்லை, ஏனென்றால் அந்தச் சுவரையே அவர்கள் கட்டவில்லை. ஆர்த்தடாக்ஸ் சபைகள் 'மூதாதையர் பாவம்' என்று பேசுவார்கள். ஆதாமிடமிருந்து நமக்கு வருவது மரணமும் பலவீனமும், குற்றம் இல்லை. ஒரு பழைய சண்டை ஞாபகத்துக்கு வருகிறது. குழந்தைகளுக்குப் பாவங்கள் இல்லாவிட்டாலும் நாங்கள் திருமுழுக்குக் கொடுக்கிறோம் என்று கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் யோவான் கிறிசோஸ்தோம் பிரசங்கித்திருந்தார். எக்லானும் ஊர் ஆயர் ஜூலியான் அதை எடுத்து அகுஸ்தீன் முகத்துக்கு நேரே நீட்ட, அகுஸ்தீன் கிரேக்க மூலத்தைப் பார்த்துவிட்டு, அங்கே 'பாவங்கள்' என்று பன்மையில் இருக்கிறது, அவர் சொல்வது சொந்தப் பாவங்களை என்று மடக்கினார். அந்த ஜூலியானுக்கு எழுதிக்கொண்டிருந்த பதிலை முடிக்காமலேயே இறந்துபோனார்.

அதான் ஞானஸ்நானம் குடுத்தாச்சே, அப்புறமும் ஏன் சண்டை போடுறான் என் பையன்?

திருமுழுக்கு அந்த அறுந்த உறவைச் சேர்க்கிறது, பழைய பழக்கத்தை உருவிப் போட்டுவிடுவதில்லை. காய்ச்சல் விட்டாலும் உடம்பு தள்ளாடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பதை இச்சை என்பார்கள், இழுப்பு என்றாலும் சரிதான்.

இதன் மேல்தான் 16-ஆம் நூற்றாண்டின் பெரிய சண்டைகளில் ஒன்று. அந்த இழுப்பே பாவம்தான் என்றார் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான். 1546 ஜூனில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் தன் ஐந்தாம் அமர்வில், அது பாவத்திலிருந்து வருகிறது, பாவத்துக்கு இழுக்கிறது, ஆனால் நாம் இணங்காதவரை அதுவே பாவம் ஆகாது என்று தீர்த்தது. வெளியிலிருந்து பார்த்தால் மயிர் பிளக்கிற வாதம் போலத் தெரியும். ஆனால் ராத்திரி படுத்தபின் மனதில் ஓடுகிற கெட்ட எண்ணத்துக்காகத் தன்னையே வெறுக்கிற ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

மொத்தத்துல மனுஷன் கெட்டவன்னு சொல்றீங்க, அதானே?

இல்லை. மனித சுபாவம் நல்லதாகப் படைக்கப்பட்டது, காயம்பட்டிருக்கிறது. தீமைக்கென்று தனியாக ஒரு பொருள் கிடையாது, இருக்க வேண்டிய நன்மை இல்லாமல் போவதே தீமை என்று அகுஸ்தீன் சொன்னது மானிகேயருக்குக் கொடுத்த பதில்தான். ஓட்டைப் பானை என்றாலும் பானை மண்ணால் ஆனது, ஓட்டையால் ஆனதல்ல. கால்வினைப் பின்பற்றியவர்கள் 'முழுமையான சீர்கேடு' என்று சொல்வதைக் கேட்டு, மனிதன் எவ்வளவு கெட்டவனாக முடியுமோ அவ்வளவு கெட்டவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வது வேறு: அறிவு, மனம், விருப்பம் எதுவும் பாதிக்கப்படாத மூலையாக மிஞ்சவில்லை என்பதுதான்.

நேர் எதிராகப் பேசியவர் மெய்யியலாளர் ரூசோ. 1762-இல் வந்த தன் கல்வி நூலை, படைத்தவர் கையிலிருந்து வரும்போது எல்லாம் நல்லது, மனிதன் கையில்தான் கெடுகிறது என்று ஆரம்பிக்கிறார். பாரிஸ் பேராயர் கண்டித்து அறிக்கை விட்டார், ரூசோ நீண்ட கடிதமாகப் பதில் எழுதினார். எனக்கு எப்போதும் இடிக்கிற இடம் ஒன்று உண்டு. சமூகம்தான் கெடுத்தது என்றால், நல்லவர்களாகப் பிறந்தவர்களே சேர்ந்து கட்டிய சமூகம் எப்படிக் கெட்டது? திருச்சபைக்காரரே இல்லாத ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் 1793-இல், மனிதனுக்குள் வேர்விட்ட தீமை உண்டு, அதே சமயம் அதற்கு அவனவனே பொறுப்பு என்று எழுதி அறிவொளிக்கால நண்பர்களை முகம் சுளிக்க வைத்தார். முதல் பெற்றோரிடமிருந்து பரம்பரையாக வந்தது என்கிற விளக்கம்தான் இருப்பதிலேயே பொருத்தமற்றது என்றும் சொல்லிவிட்டார். ஆக நோயை ஒப்புக்கொண்டார், அது தொற்றிய கதையை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆதாமுக்குக் கெட்ட சுபாவமே இல்லைன்னா அவன் எப்படி விழுந்தான்?

பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். அன்று மணி அடித்தது என் அதிர்ஷ்டம். நாம் பாவம் செய்வதற்குக் காரணம் கெட்டுப்போன சுபாவம். ஆதாமுக்கு அது இல்லை, இருந்தும் செய்தான். அப்படியானால் பாவம் செய்ய அந்தச் சுபாவம் தேவையே இல்லையே, பிறகு எதற்கு இந்தப் போதனை?

அகுஸ்தீன், கெட்ட விருப்பத்துக்குக் காரணம் தேடுவது இருட்டைப் பார்க்கவும் நிசப்தத்தைக் கேட்கவும் முயல்வது மாதிரி என்கிறார். அழகான வரி, ஆனால் கேள்வியை மூடிவைக்கிறது. 2-ஆம் நூற்றாண்டில் லியோனின் ஆயராக இருந்த இரனேயு வேறு திசையில் போனார். ஆதாமும் ஏவாளும் பூரணமானவர்களாக அல்ல, குழந்தைகளாகப் படைக்கப்பட்டார்கள். தாயிடம் கெட்டியான உணவு இருக்கும், குழந்தையால்தான் அதை இன்னும் சாப்பிட முடியாது. அவர் சொல்வது உச்சியிலிருந்து விழுந்த கதை இல்லை, வளர்கிற வழியில் தடுக்கி விழுந்த கதை. டேனிஷ் மெய்யியலாளர் கிர்க்ககார்ட் 1844-இல் பதற்றம் பற்றி எழுதியதில், பள்ளத்தை எட்டிப் பார்க்கிறவனுக்கு வரும் தலைசுற்றல் போலச் சுதந்திரத்துக்கும் ஒரு தலைசுற்றல் உண்டு என்கிறார். அந்த மயக்கத்துக்கும் விழுகைக்கும் நடுவே நடக்கிற தாவலை எந்த விஞ்ஞானமும் விளக்காது என்றும் சொல்கிறார். அடுத்த வாரம் அவளிடம் இரனேயுவைத்தான் சொன்னேன். அவள் முழுசாகச் சமாதானமாகவில்லை.

குரங்கிலிருந்து வந்தோம்னா ஆதாம் ஏது?

பரிணாமத்தோடு கத்தோலிக்கத் திருச்சபைக்குப் பெரிய தகராறு இல்லை. அது வெறும் கருதுகோள் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1996-இல் சொன்னார். தகராறு 'ஒரே ஜோடி' என்பதில். மனித இனத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முதல் பெற்றோர் என்பதைச் சென்மப் பாவப் போதனையோடு எப்படிப் பொருத்துவது என்று தெரியவில்லை என 1950-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் எழுதினார். மரபணு ஆய்வுகளோ நம் முன்னோர் கூட்டம் பல ஆயிரம் பேராக இருந்ததாகக் காட்டுகின்றன. கூட்டத்திலிருந்து ஒரு ஜோடியைக் கடவுள் தேர்ந்தார் என்று ஒரு சாரார், ஆதாம் என்பது மனித குலம் முழுவதற்கும் பெயர் என்று இன்னொரு சாரார். எபிரேயத்தில் 'ஆதாம்' என்றாலே மனிதன்தான், இது ஒன்றும் தப்பித்துக்கொள்ளச் சொன்ன பதில் இல்லை. டச்சு இயேசு சபைக் குரு ஸ்கோனன்பெர்க் 1960-களில், நாம் பிறக்கிற உலகமே பிறருடைய பாவங்களால் ஏற்கெனவே வளைக்கப்பட்டிருக்கிறது, அந்தச் சூழலுக்குள் பிறப்பதே இந்த நிலை என்றார். பாதி சரி என்று நினைக்கிறேன். அது முழுக்க வெளியில்தான் இருக்கிறது என்றால் மேலே ரூசோவிடம் கேட்டதை இவரிடமும் கேட்க வேண்டும்.

மாதா அமலோற்பவின்னா புருஷன் இல்லாம இயேசுவைப் பெத்தாங்கன்னுதானே அர்த்தம்?

இல்லை, இது கத்தோலிக்கரே அதிகம் குழப்பிக்கொள்கிற விஷயம். அமல உற்பவம் என்பது மரியாள் தன் தாய் வயிற்றில் உருவானதைப் பற்றியது. அந்த முதல் கணத்திலிருந்தே சென்மப் பாவம் அவரைத் தொடவில்லை என்று 1854 டிசம்பர் 8-இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்தார். தோமா அக்குவினார்கூட இதை ஏற்காதவர்தான். விழுந்தபின் தூக்குவது போலவே விழாமல் தாங்குவதும் மீட்புதான் என்ற வாதத்தோடு இடைக்கால இறையியலாளர் ஸ்கோட்டஸ் வழி திறந்துவிட்டார். ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு இந்தப் போதனை தேவைப்படவில்லை, ஏன் என்பது மேலே இருக்கிறது.

எங்க ஆணவ மலமும் உங்க சென்மப் பாவமும் ஒண்ணுதானே?

சைவ நண்பர் கேட்டது. மலம் என்று அவர்கள் சொல்வது உயிரைப் பற்றிய அழுக்கை. டீக்கடையில் ஒரு மணி நேரம் ஓடியது. 'அமலம்' என்ற சொல்லில் அந்த மலம் இருக்கிறதே என்று அவரே எடுத்துக் கொடுத்தார். எனக்கு அதுவரை தோன்றியதில்லை. ஒற்றுமை நிறைய. இரண்டுமே அறிவை மறைக்கிறது, 'நான்' என்பதை ஊதிப் பெருக்குகிறது, சொந்த முயற்சியால் மட்டும் போகாது, அருள் வேண்டும். வித்தியாசம் தொடக்கத்தில். செம்பில் களிம்பு போல, நெல்லில் உமி போல ஆணவம் உயிரோடு அநாதியாகவே, தொடக்கமே இல்லாமல், இருக்கிறது என்பது சைவ சித்தாந்தம். களிம்பு இல்லாத செம்பு என்று ஒரு காலம் இருந்ததில்லை. கிறிஸ்தவத்தில் செம்பு சுத்தமாகத்தான் வார்க்கப்பட்டது. அதனால் ஆணவம் எப்படி வந்தது என்று அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பெண்ணின் கேள்விக்கு நான் திண்டாட வேண்டும். இன்னொரு பக்கம், சுத்தமாக வார்க்கப்பட்டதால்தான் எனக்கு இழந்தது என்று ஒன்று இருக்கிறது.

யூதரும் முஸ்லிம்களும் ஆதாமின் கதையைப் படிக்கிறவர்கள்தான், ஆனால் இந்த முடிவுக்கு வரவில்லை. யூத மரபில் நல்ல நாட்டம், தீய நாட்டம் என்று மனிதனுக்குள் இரண்டு. குர்ஆனில் ஆதாம் மன்னிப்புக் கேட்கிறார், இறைவன் ஏற்கிறார், விஷயம் அங்கேயே தீர்கிறது.

சுபாவமே இப்படின்னா, நான் தப்பு செஞ்சா என்னை ஏன் திட்டறீங்க?

அந்த ஜன்னல் கண்ணாடிப் பையன் கேட்டது, கொஞ்சம் திமிரோடுதான். நிலைக்கு நீ பொறுப்பில்லை, அதிலிருந்து செய்கிற செயலுக்குப் பொறுப்பு. திரெந்து சங்கம் 'இணங்காதவரை' என்று சொன்னதைத் திருப்பி வாசித்தால் இணங்கினால் உன்னுடையது என்று வரும். முன்கோபம் அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம்டா, கல்லை எடுத்தது உன் கை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'கல்லு ஜோசப் குடுத்தது சார்' என்றான்.